கடலைமிட்டாய்க் கடைக்கு வெப்சைட்: 8 ஆயிரம், 38 ஆயிரம், 1 லட்சத்து 65 ஆயிரம். எதுதான் நியாயமான விலை?

மிட்டாய்வீட்டு மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டியில் எங்களுக்குக் கடலைமிட்டாய்த் தொழில். மாமனார் பாகு பார்ப்பார், வீட்டுக்காரர் சரக்கும் வண்டியும், நான் கணக்கும் போனும். வேலையாட்களோடு சேர்த்து ஒன்பது பேர். ஒரு நாளைக்கு 90 கிலோ போடுவோம். பெரும்பகுதி சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போய்விடும், மிச்சம் கூரியரில் சென்னை, பெங்களூரு என்று போகும்.

அந்த வெளியூர் வியாபாரம் முழுக்க என் வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு "ஹாய், ரேட்?" என்று ஒன்று வரும். விலை அனுப்பினால் "கருப்பட்டியில் இருக்கா?" என்று கேட்பார்கள். அப்புறம் "கூரியர் எவ்வளவு?" அதற்கும் சொன்னால் "போட்டோ ப்ளீஸ்". போட்டோவும் அனுப்பிய பிறகு ஆளைக் காணோம். ஒரு நாளைக்கு நாற்பது பேர் கேட்டால் ஐந்தாறு பேர்தான் வாங்குகிறார்கள். 2020-இல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். வாங்குபவர்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை.

முன்பு கூகுள் பிசினஸ் கணக்கோடு இலவசமாகக் குட்டி வெப்சைட் ஒன்று கொடுத்திருந்தார்கள். விலைப்பட்டியலை அதில் போட்டு, கேட்பவர்களுக்கு முகவரியை அனுப்பிவிடுவேன். 2024 மார்ச்சில் அந்த வசதியையே நிறுத்திவிட்டார்கள். அந்த முகவரி அச்சடித்த விசிட்டிங் கார்டு இரண்டாயிரம் போல இன்னும் பீரோவில் கிடக்கிறது. மாமனார் அதன் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுகிறார்.

சரி, சொந்தமாகவே ஒன்று போட்டுவிடலாம் என்று மூன்று இடத்தில் விலை கேட்டேன்.

முதலாவது, எங்கள் ஊரிலேயே ஃப்ளெக்ஸ் அடிக்கிற தம்பி. 7,999 ரூபாய், ஐந்து பக்கம், டொமைனும் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைத்திருக்கும் இணைய இடம்) ஒரு வருடம் இலவசம், மூன்று நாளில் முடித்துவிடுவேன் என்றார். இரண்டாவது, மதுரையில் தனியாக வேலை செய்யும் ஒருவர். 38,000 ரூபாய், பாதி அட்வான்ஸ், ஆறு வாரம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும், பன்னிரண்டு பொருள்கள், கார்ட்டில் போட்டுப் பணம் கட்டுகிற வசதியோடு. மூன்றாவது, சென்னையில் ஒரு நிறுவனம். 1,40,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 1,65,200. பராமரிப்புக்கு மாதம் 6,000 தனி. இருபத்திரண்டு பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள். அதில் மாதிரிக்கென்று போட்டிருந்த படத்தில் முந்திரியும் பாதாமும் ஒட்டிய ஏதோ வடநாட்டுச் சிக்கி இருந்தது. மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது யார் வீட்டு மிட்டாய்?" என்றார்.

எனக்கு எந்தச் செலவையும் கிலோவில் மாற்றிப் பார்த்தால்தான் புரியும். செலவெல்லாம் போக எங்களுக்கு ஒரு கிலோவில் நிற்பது சுமார் 40 ரூபாய். ஆகவே ஃப்ளெக்ஸ் தம்பி 200 கிலோ, மதுரைக்காரர் 950 கிலோ, சென்னை 4,130 கிலோ. கடைசியில் சொன்னது எங்களுடைய நாற்பத்தாறு நாள் உற்பத்தி! வெப்சைட்டுக்காக அத்தனை நாள் அடுப்பெரிக்க வேண்டுமா என்று வீட்டில் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஒரே வேலைக்கு இருபது மடங்கு வித்தியாசம் எப்படி வரும்? நான் எவ்வளவு கொடுத்தால் ஏமாளி ஆகமாட்டேன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா ஒருவன் எழுதியது:

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்டலாக் என்று ஒன்று இருக்கிறது. படம், விலை, எடை எல்லாம் போடலாம். காசு கிடையாது. பூஜ்யம் கிலோ. வெப்சைட் எதற்கு?

மிட்டாய்வீட்டு மருமகள் எழுதியது:

அது ஏற்கெனவே போட்டிருக்கிறேன் சகோ. அதைத் திறந்து பார்ப்பவர் பத்தில் ஒருவர். மற்ற ஒன்பது பேருக்கும் "ரேட்?" என்று தட்டுவது சுலபமாக இருக்கிறது. இன்னொன்று, என் நம்பர் தெரிந்தவர்தானே கேட்டலாக்கைப் பார்க்க முடியும்? கூகுளில் ஊர் பெயரைப் போட்டுத் தேடுகிறவர் எங்களிடம் வந்து சேர வழியில்லை.

பாளையங்கோட்டை மாடியறை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். பன்னிரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. கம்பெனி எல்லாம் இல்லை. நான், ஒரு லேப்டாப், மாடியில் ஓர் அறை, அவ்வளவுதான். நீங்கள் கிலோவில் கணக்குப் போடுகிறீர்கள், நான் மணியில் போடுகிறேன். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் போனது என்று நோட்டில் குறித்துவைப்பேன். அதையே எடுத்துத் தருகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் விற்கும் ஒருவருக்கு, கிட்டத்தட்ட நீங்கள் கேட்கிற மாதிரியே ஒன்று செய்தேன். மொத்தம் 65 மணி நேரம். இதில் வெப்சைட் வேலை என்று மக்கள் நினைக்கிறார்களே, வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் மென்பொருளை ஏற்றி, அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸைச் சேர்த்து, பக்கங்களைக் கட்டுவது, அதற்குப் போனது 14 மணி நேரம்தான். எப்படித் தெரிய வேண்டும் என்று வரைந்து காட்டி, அவர் உதட்டைப் பிதுக்கி, திரும்பவும் வரைந்தது 9. மிச்சம் 42 மணி நேரம் எங்கே போனது என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

எழுத்து 11 மணி நேரம் தின்றது. "விவரமெல்லாம் நாளைக்கே அனுப்புகிறேன்" என்றவர் மூன்று வாரம் கழித்து, அச்சகத்தில் அடித்துவைத்திருந்த பழைய பட்டியலை அனுப்பினார். அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. அதை, எல்லாப் போனிலும் தெரிகிற யூனிகோடு முறைக்கு மாற்றி, மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறியதை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தி, பிறகு "எங்களிடம் தரமான பொருட்கள் கிடைக்கும்" என்பதைத் தவிர வேறு ஏதாவது சொல்ல வைத்து எழுதி வாங்க வேண்டும். அந்த மரம் என்ன மரம், கடைசல் எப்படி, சாயம் குழந்தை வாயில் வைத்தால் பரவாயில்லையா என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். இந்த வேலையைச் செய்யாத ஆட்கள் தமிழை அப்படியே படமாக ஒட்டிவிடுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எழுத்து எழுத்தாகப் போனால்தான் தேடுபொறி ஒழுங்காகப் படிக்கும், போனில் பெரிதாக்கினாலும் மங்காது. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை என்று நல்ல யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எழுத்துருவுக்கு யாராவது காசு கேட்டால் எதற்கென்று கேளுங்கள்.

படங்களுக்கு 7 மணி நேரம். போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி இருக்கும். பன்னிரண்டைத் தூக்கி அப்படியே முகப்பில் வைத்தால் ஐம்பது எம்பி. சாத்தூர் தாண்டி ரயிலில் போகிறவர் போனில் அது திறப்பதற்குள் அவர் விருதுநகர் போய்விடுவார். ஒவ்வொன்றையும் வெட்டி, வெளிச்சம் சரிசெய்து, 150 கேபிக்குள் சுருக்க வேண்டும். பேசிப் புரிந்துகொள்ள 5, பணம் கட்டும் வசதிக்கான காகிதங்கள் 4, பழைய போன், புதுப் போன் என்று ஓட்டிப் பார்த்துச் சரிசெய்தது 6, அவர் மகளுக்கு விலை மாற்றக் கற்றுக்கொடுத்தது 3. கடைசி 6 மணி நேரத்துக்கு என் நோட்டில் எழுதியிருப்பது, "லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்குங்க".

மணிக்கு 550 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 35,750 வருகிறது. 36,000 வாங்கினேன். மதுரைக்காரர் கேட்கும் 38,000 இரண்டு மொழிக்கு அதிகமே இல்லை. வேர்ட்பிரஸ் இலவசம்தானே என்று என்னிடம் வாரம் ஒருவர் கேட்கிறார். இலவசம்தான். விறகு இலவசமாகக் கிடைத்தால் உங்கள் மாமனார் பாகு பதத்தைச் சும்மா பார்த்துக் கொடுத்துவிடுவாரா?

ஃப்ளெக்ஸ் தம்பியின் 7,999-ஐ இதே கணக்கில் பாருங்கள். பதினாலரை மணி நேரம் வருகிறது. அதற்குள் டொமைன், ஹோஸ்டிங் காசும் அடக்கம். ஆகவே தீம் எனப்படும் ஆயத்த வடிவமைப்பு ஒன்றை எடுத்து, கடைப் பெயரை மாற்றி, நீங்கள் கொடுத்ததை ஒட்டிவிட்டுக் கிளம்பினால்தான் அவருக்குக் கட்டும். அதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். எழுத்தையும் படத்தையும் நீங்களே பக்காவாகச் செய்து கொடுத்தால் அந்த விலைக்கு உருப்படியான ஒன்று கிடைக்கவும் செய்யும். கொடுக்காவிட்டால், ஐந்து பக்கத்தில் மூன்றில் தீமோடு மாதிரிக்கு வந்த லத்தீன் வாசகம் அப்படியே கிடக்கும். இப்படிக் கிடக்கிற தளங்கள் நம் ஜில்லாவில் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

அடுத்தது வருடாந்தரச் செலவு. டொமைன் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமார். உங்கள் அளவுக்கான ஹோஸ்டிங் மூன்றாயிரத்திலிருந்து ஐயாயிரம். முதல் வருடம் தள்ளுபடியில் கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் இரண்டு மூன்று மடங்கு கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம். அதனால் புதுப்பிக்கும் விலையைத்தான் முதலில் கேட்க வேண்டும். தளத்தைப் பாதுகாப்பாகத் திறக்க உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்கென்று தனியாக இரண்டாயிரம், மூன்றாயிரம் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. நல்ல ஹோஸ்டிங்கில் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

இப்போது முக்கியமான இடம். உங்களுக்குக் கார்ட்டும், தளத்திலேயே பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயும் உண்மையிலேயே வேண்டுமா? கேட்வேக்காரர்கள் பொதுவாக எடுப்பது 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 600 ரூபாய் ஆர்டர் என்றால் 12 ரூபாயும் 2 ரூபாய் 16 காசும், ஆக 14 ரூபாய் 16 காசு. இரண்டு கிலோவில் உங்களுக்கு நிற்பதே 80 ரூபாய் என்கிறீர்கள். அதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். வங்கி கொடுத்த யுபிஐ க்யூஆரில் நேராக வாங்கினால் இது இல்லை. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்கு எம்டிஆர் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணத்தை வியாபாரியிடம் வாங்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஐம்பது ஆர்டர் வந்தால் கேட்வே இல்லாமல் முடியாது, கணக்குப் பார்த்தே கை ஓய்ந்துவிடும். ஐந்தாறுக்கு எதற்கு? விலை, எடை, பின்கோடு போட்டால் கூரியர் கட்டணம், இது மூன்றும் தெளிவாகத் தெரிகிற பக்கமும், "ஆர்டர்" என்று தொட்டால் எல்லா விவரமும் நிரம்பி உங்கள் வாட்ஸ்அப்புக்கே வந்து விழுகிற படிவமும் போதும். மதுரைக்காரரிடம் இதைச் சொல்லி விலையைத் திரும்பக் கேளுங்கள்.

நான் ஏன் இந்த வேலையை எனக்குக் கேட்கவில்லை என்று யாராவது நினைக்கலாம். பங்குனி வரை கை நிறைய வேலை இருக்கிறது.

திண்டுக்கல் பூட்டு எழுதியது:

மேலே எல்லாம் சரி. ஒன்றை விட்டுவிட்டார், அதை நான் சொல்கிறேன். பூட்டு விற்கிறவன் சாவியைத் தொலைத்த கதை.

2019-இல் தெரிந்த பையன் ஒருவனிடம் 12,000 கொடுத்தேன். நன்றாகவே செய்தான், அதில் குறை இல்லை. டொமைனை அவன் இமெயிலில், அவன் பெயரில் பதிவு செய்திருந்தான். எனக்கு அப்போது டொமைன் என்றால் என்னவென்றே தெரியாது. "எல்லாம் நான் பார்த்துக்கறேன் அண்ணே" என்றான். இரண்டு வருடம் பார்த்துக்கொண்டான். அப்புறம் வெளிநாடு போய்விட்டான், நம்பர் மாறிவிட்டது.

டொமைன் காலாவதியானால் உடனே போய்விடாது. கொஞ்ச நாள் சாதாரண விலைக்கே புதுப்பிக்க விடுவார்கள். அதன் பிறகு டாட் காமுக்கு முப்பது நாள் மீட்புக் காலம் என்று ஒன்று உண்டு, அதில் எடுத்தால் பல மடங்கு காசு. அதுவும் போனால் ஐந்து நாளில் பொதுவில் விட்டுவிடுவார்கள். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. நினைவூட்டல் இமெயில் எல்லாம் அவன் பெட்டியில் விழுந்துகொண்டிருந்தது, எனக்கு எப்படித் தெரியும்? நான் விசாரித்தபோது வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். இன்றைக்கு எங்கள் கடை விசிட்டிங் கார்டில் இருக்கும் முகவரியைத் தட்டினால் ரம்மி ஆட்டம் வருகிறது. எங்கள் அப்பா பெயரில் உள்ள கடை.

பதிவு நிறுவனத்திடம் கேட்டேன், பதிவு செய்தவர் யாரோ அவர்தான் உரிமையாளர் என்றார்கள். அவர்கள் சொன்னது தப்பில்லை.

ஆகவே தங்கச்சி, எந்த விலைக்குச் செய்தாலும் சரி, டொமைனை நீங்களே வாங்குங்கள். உங்கள் இமெயில், உங்கள் போன் நம்பர், உங்கள் கார்டு. பத்து நிமிட வேலை. "இலவச டொமைன்" என்று யாராவது சொன்னால் யார் பெயரில் என்று கேளுங்கள். ஹோஸ்டிங் கணக்கும் அப்படியே. வேலை செய்கிறவருக்கு நுழைய அனுமதி கொடுங்கள், வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பூட்டுக்கடைக்காரன் சொல்கிறேன், கேளுங்கள்.

இருபத்திரண்டு பக்கம் எழுதியது:

மருமகளின் மூன்றாவது கொட்டேஷன் மாதிரி அனுப்புகிற இடத்தில்தான் எனக்கு வேலை (அதே நிறுவனமா என்று கேட்க வேண்டாம், தெரியாது). அந்தப் பிடிஎஃபில் பதினெட்டுப் பக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். உங்களுக்கென்று எழுதியது நான்கு பக்கம் இருக்கலாம். சிக்கி படத்துக்கு மன்னிப்பு. ராத்திரி ஒன்பதரைக்கு யாரோ ஒரு ஜூனியர் தேடி எடுத்திருப்பார், அநேகமாகக் கோவில்பட்டிப் பக்கம் வந்தே இருக்கமாட்டார்.

1,40,000 என்பது கொள்ளை விலை இல்லை. எங்களிடம் உங்களோடு பேச ஒருவர், வரைய ஒருவர், கட்ட ஒருவர், சோதிக்க ஒருவர். நால்வருக்கும் சம்பளம், அலுவலகத்துக்கு வாடகை, வேலை கிடைக்காமல் போகிற பத்துப் பேரைத் தேடி அலைந்த செலவு, எல்லாம் அதற்குள் இருக்கிறது. பதிலுக்கு, மாடியறை அண்ணாச்சிக்கு டெங்கு வந்தால் வேலை நின்றுவிடும், எங்களிடம் நிற்காது. நூறு கடைகளுக்குச் சரக்கு போடுகிற, இருபது விநியோகஸ்தர் தனித்தனியே உள்ளே நுழைந்து ஆர்டர் போட வேண்டிய கம்பெனிக்கு அந்த விலை சரி. உங்களுக்கு வேண்டாம். என் மேலாளர் இதைப் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் கிலோ கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. பெங்களூருக்கு அனுப்புகிறீர்கள். சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றாலே, கைவினைப் பொருட்கள் போன்ற சில விலக்குகளைத் தவிர, விற்றுமுதல் எவ்வளவு சிறியதானாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் வரித் திட்டத்திலும் இருக்க முடியாது. ஆகவே நீங்கள் வழக்கமான முறையில் பதிந்தவராகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் அந்த 25,200 ரூபாய் வரியை உள்ளீட்டு வரியாக, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். எங்கள் விலை 4,130 கிலோ இல்லை, 3,500 கிலோதான். அதுவும் அதிகம்தான், இருந்தாலும் கணக்கு கணக்காக இருக்க வேண்டும் அல்லவா.

இன்னொன்று, விலை குறைவான ஆட்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். தளத்தில் ஆர்டர் எடுத்தால் 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இருக்கின்றன. நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, குறைகேட்கும் அலுவலர் பெயரும் தொடர்பும் பார்வையில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தயாரிப்பாளர் பெயர், நிகர எடை, அதிகபட்சச் சில்லறை விலை தளத்திலும் தெரிய வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதினான்கு இலக்க எண்ணையும் போட்டுவிடுங்கள். புவிசார் குறியீட்டைப் பெரிதாகப் போட்டு விளம்பரம் செய்ய ஆசையிருந்தால், உங்கள் கடை அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறியீடு ஊருக்குக் கிடைத்துவிட்டது என்பதால் எல்லாக் கடையும் அதைப் போட்டுக்கொள்ள முடியாது.

பராமரிப்பு மாதம் 6,000 உங்களுக்குத் தேவையே இல்லை. மாதம் ஒரு முறை காப்புப் பிரதி எடுத்து, பிளகின் எனப்படும் துணை மென்பொருள்களைப் புதுப்பிக்க ஓர் ஆள் வேண்டும். வருடத்துக்கு மொத்தமாக ஐந்தாறாயிரம் பேசிக்கொள்ளுங்கள். அதைச் செய்யாமல் விட்டால் ஒரு நாள் பூட்டுக்காரர் சொன்ன ரம்மி உங்கள் தளத்திலேயே ஓடும். டொமைன் கையில் இருந்தும் அப்படி ஆன இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

குமாஸ்தா எழுதியது:

சட்ட விஷயம் ஒன்று, சுருக்கமாக. காசு கொடுத்துவிட்டால் வடிவமைப்பும் நிரலும் நம்முடையது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957, 17ஆம் பிரிவுப்படி சம்பளத்துக்கு வேலை செய்பவர் செய்ததுதான் முதலாளிக்கு. வெளியாள் செய்தது அந்த வெளியாளுக்கே. காசு கொடுத்துச் செய்யச் சொன்ன புகைப்படம், ஓவியம் போன்ற சில மட்டும் இதற்கு விதிவிலக்கு, அவை செய்யச் சொன்னவருடையவை. மற்றதெல்லாம் உங்களுக்கு வேண்டுமென்றால் 19ஆம் பிரிவுப்படி எழுத்தில், அவர் கையெழுத்தோடு மாற்றித் தர வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்வார்கள். ஒரு பக்கத் தாள் போதும். "நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்" என்ற இரண்டு வார்த்தை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வார்த்தை என்று யாரும் திருத்த வர வேண்டாம்.

மிட்டாய்வீட்டு மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், ஆர்டர் நெருக்கடி.

முதலில் 25,200. பி.காம் படித்துவிட்டு மாதாமாதம் நானே ரிட்டர்ன் போடுகிறேன், இது எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் இதைச் சொல்லவில்லை.

பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்னதை மதுரைக்காரரிடம் அப்படியே கேட்டேன். கார்ட், கேட்வே இரண்டும் வேண்டாம், படிவம் நிரப்பினால் வாட்ஸ்அப்புக்கு வர வேண்டும், படங்களும் எழுத்தும் நானே தருகிறேன், அப்படியானால் எவ்வளவு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டாரோ என்று பார்த்தால், "மேடம், எழுத்தை உண்மையிலேயே நீங்களே தருவீர்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். 24,000 சொன்னார். 600 கிலோ. மூன்று தவணை, கடைசித் தவணை எல்லாப் பாஸ்வேர்டும் கைக்கு வந்த பிறகு. குமாஸ்தா சொன்ன தாளையும் காட்டினேன், அவரிடம் இப்படி யாரும் கேட்டதில்லையாம், கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார்.

எழுத்து வேலை அண்ணாச்சி சொன்ன மாதிரியே ஆளை விழுங்குகிறது. "கடலைமிட்டாய், 1 கிலோ" என்பதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் மாமனாரிடம் போய் உட்கார்ந்தேன். பாகு பதம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார், கெட்டியாகி உடைய வேண்டும், இழுத்தால் பதம் பத்தாது. மழைக்காலத்தில் மிட்டாய் ஏன் நமுத்துப்போகிறது, அதற்குப் பொட்டலத்தை எப்படி ஒட்டுவது என்று ஒரு மணி நேரம் பேசினார். எல்லாவற்றையும் போனில் பதிவு செய்து எழுதிவிட்டேன். கூரியரில் உடைந்து வருகிறதா என்று பாதிப் பேர் கேட்பார்கள், அதற்கும் பதில் எழுதிவிட்டேன். படம் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்று வாசல் திண்ணையில் வைத்து எடுத்தேன், இரண்டில் பக்கத்து வீட்டுக் கோழி வந்துவிட்டது.

ஃப்ளெக்ஸ் தம்பி ஒன்றும் சொல்லவில்லை, பாவம். வெப்சைட் முகவரியோடு புது போர்டுக்கு அவரிடமே ஆர்டர் கொடுத்திருக்கிறேன். விசிட்டிங் கார்டும் புதிதாக அடிக்கிறோம், இந்தத் தடவை 500 மட்டும்.

பூட்டுக்கடை அண்ணன் சொன்னபடி டொமைனை நானே வாங்க உட்கார்ந்தேன். அங்கேதான் நிற்கிறேன். மிட்டாய் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு டி-யா, இரண்டு டி-யா? வீட்டுக்காரர் ஒன்று என்கிறார், நான் இரண்டு. வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் எழுதுவதைத் தேடிப் பார்த்தேன், பாதிப் பாதியாக இருக்கிறது.

திண்டுக்கல் பூட்டு எழுதியது:

இரண்டையும் வாங்குங்கள். இன்னொரு 25 கிலோதானே.